நிரம்பியே வீடு திரும்பும் தண்ணீர் பாட்டில்: பிள்ளைகளுக்கு நீரிழப்பைப் பற்றிக் கற்பிப்போம்

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். டிஃபன் பாக்ஸ் காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எல்லாத் தாய்மார்களுக்கும் உண்டு. தண்ணீர் பாட்டில் எந்த அளவில் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது என்றால், எட்டு மணி நேரமாக அந்தப் பிள்ளை ஏறக்குறைய தண்ணீர் இல்லாமலேயே இருந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு அதே பிள்ளை மக்தபுக்கு வந்து உட்காருகிறது. பாடம் ஏறவில்லை, தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்கிறது. சோம்பல் என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

தண்ணீர் குடிப்பதைக்கூடவா கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். சாப்பிடுவதற்கும் உறங்குவதற்கும் கழிப்பறைக்குச் செல்வதற்கும்கூட ஒழுங்கைக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. தண்ணீர் அருந்துவதற்கும் அதில் விரிவான வழிகாட்டுதல் உண்டு. மருத்துவம் சொல்வதையும் மார்க்கம் சொல்வதையும் சேர்த்து, வீட்டிலும் மக்தபிலும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதைப் பார்ப்போம்.

உடலுக்குள் தண்ணீர் என்ன செய்கிறது?

உயிருள்ள அனைத்தும் தண்ணீரைக் கொண்டே உருவாக்கப்பட்டன என்பதைத் திருக்குர்ஆன் 21-வது அத்தியாயமான அல் அன்பியாவின் 30-வது வசனத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். நம் உடலே அதற்குச் சாட்சி. வளர்ந்த ஆணின் உடல் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். பெண்களுக்கு இது 50 முதல் 55 சதவீதம். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 75 சதவீதம். வயது குறையக் குறைய உடலில் நீரின் பங்கு அதிகம். அதனால்தான் குழந்தைகள் நீரிழப்பால் விரைவாகவும் கடுமையாகவும் பாதிக்கப்படுகிறார்கள்.

இரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். சாப்பிட்ட உணவின் சத்தையும் மூச்சில் எடுத்த ஆக்ஸிஜனையும் உடல் முழுக்கக் கொண்டுசெல்வது அந்த இரத்தமே. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உடலுக்கே திருப்பித் தந்துவிட்டு, கழிவோடு ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. வெயிலில் விளையாடும்போது வியர்வை சுரந்து, அது ஆவியாகும்போது உடலைக் குளிரவைக்கிறது. இவ்வளவும் நம் முயற்சி இல்லாமலே நடக்கின்றன. தண்ணீரை உள்ளே அனுப்புவது ஒன்றுதான் நம் பொறுப்பு.

சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஒரு பெரியவருக்கு ஒரு நாளில் சுமார் முக்கால் லிட்டர் நீர் வெளியேறுகிறது. வெயில், விளையாட்டு, காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை சேரும்போது இழப்பு பல மடங்காகிறது. உள்ளே போவதைவிட வெளியே போவது அதிகமானால் அதுவே நீரிழப்பு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தாகம் எடுக்கும்போது உடல் ஏற்கெனவே கொஞ்சம் நீரை இழந்திருக்கும். அதிலும் பிள்ளைகள் விளையாட்டின் வேகத்தில் தாகத்தைக் கவனிப்பதே இல்லை. ஆகவே தாகத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

லேசான நிலை: வாய், உதடு உலர்தல், தலைவலி, சோர்வு, எரிச்சல், கவனச் சிதறல், சிறுநீர் அடர் மஞ்சளாகவும் குறைவாகவும் போதல். உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் நீர் குறைந்தாலே கவனமும் மனநிலையும் பாதிக்கப்படக்கூடும். 40 கிலோ எடையுள்ள மாணவனுக்கு 2 சதவீதம் என்பது 800 மில்லி. ஒரு பி.டி. வகுப்பு, பிறகு தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்து வீடு திரும்புதல் என்றால் அந்த நிலையை நெருங்கிவிடலாம்.

நடுத்தர நிலை: எழுந்து நின்றால் தலைச்சுற்றல், நெஞ்சு படபடப்பு, கண்கள் உள்ளே போனது போன்ற தோற்றம், தசைப்பிடிப்பு, அழுதாலும் கண்ணீர் வராமை.

கடுமையான நிலை: எட்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சிறுநீர் கழிக்காமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல், குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத மயக்கம், கைக்குழந்தையானால் உச்சந்தலைக் குழி உள்வாங்குதல். இந்த நிலையில் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இல்லை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு எளிதில் புரியும் அளவுகோல் சிறுநீரின் நிறம். வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர் மஞ்சளானால் உடனே தண்ணீர் குடிக்க வேண்டும். பீட்ரூட் சாப்பிட்ட நாளிலும் வைட்டமின் மாத்திரை எடுத்த நாளிலும் மட்டும் நிறம் மாறித் தெரியலாம்.

தொடர்ந்து மாதக்கணக்கில் தண்ணீர் குறைவாகக் குடிப்பதன் விளைவு வேறு விதமானது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் ஆகியவற்றுக்கு அது வழிவகுக்கிறது. இவை ஒரே நாளில் வருவதில்லை என்பதால்தான் நாம் காரணத்தை வேறெங்கோ தேடுகிறோம்.

எவ்வளவு குடிக்க வேண்டும்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் வெளியிட்ட அளவுகளின்படி, 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 1.6 லிட்டரும், 9 முதல் 13 வயதுவரை ஆண் பிள்ளைகளுக்கு 2.1 லிட்டரும் பெண் பிள்ளைகளுக்கு 1.9 லிட்டரும், 14 வயதுக்கு மேல் ஆண்களுக்கு 2.5 லிட்டரும் பெண்களுக்கு 2 லிட்டரும் தேவை. இது உணவிலுள்ள நீரையும் சேர்த்த கணக்கு. சோறு, குழம்பு, பழம், காய்கறி வழியாக இதில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் கிடைத்துவிடும். மிதமான தட்பவெப்பத்துக்கான அளவு இது. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதை டம்ளர் கணக்கில் சொல்லலாம். காலையில் எழுந்ததும் ஒன்று, காலை உணவோடு ஒன்று, பள்ளியில் மூன்று, வீடு திரும்பியதும் ஒன்று, மஃக்ரிபுக்குப் பிறகு ஒன்று, இரவு உணவோடு ஒன்று. 200 மில்லி டம்ளரில் எட்டு முறை என்றால் 1.6 லிட்டர். மீதி உணவிலிருந்து கிடைக்கும். விளையாடும் நாளில் இரண்டு டம்ளர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து வேளைத் தொழுகையை நினைவூட்டலாக வைத்துக்கொள்வதும் எளிது. உளூ செய்ய எழும்போது ஒரு டம்ளர் என்று பழக்கினால் மறதிக்கு இடமில்லை. இதை ஒரு சுன்னத்தாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் மறக்காமல் இருக்க ஓர் உத்தி, அவ்வளவுதான்.

தண்ணீருக்குப் பதிலாக மோர், இளநீர், நுங்கு, எலுமிச்சைச் சாறு, தர்பூசணி எல்லாம் நல்லவை. கலர், குளிர்பானம் போன்றவற்றில் சர்க்கரை அதிகம். தாகத்துக்கு அவற்றைப் பழக்கிவிட்டால் பிள்ளைக்கு வெறும் தண்ணீர் பிடிக்காமலே போய்விடும். மறுபுறம், ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து ஆபத்தாகலாம். சிறுநீரகம், இதயம் தொடர்பான நோய் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் சொன்ன அளவே அளவு.

பிள்ளைகள் ஏன் குடிப்பதில்லை?

நம் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது. பெண் பிள்ளைகளிடம் தாய் மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், அங்கே தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இல்லை, நாற்றம் என்பார்கள். அதனால் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வந்த சிறுநீரையும் மாலை வரை அடக்குகிறார்கள். மாதவிடாய் நாட்களில் இன்னும் கஷ்டம். குறைவாகக் குடிப்பதும் நீண்ட நேரம் அடக்குவதும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்றுக்கு வாய்ப்பு அதிகமாகிறது. அடிவயிற்று வலி, எரிச்சல், காய்ச்சல் என்று அது வரும்போது பிள்ளை வெட்கப்பட்டு அதையும் சொல்லாமல் மறைக்கிறாள்.

மலம், சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. அல்லாஹ்வின் முன் நிற்கும் தொழுகையையே தாமதப்படுத்தி, முதலில் தேவையை முடித்துவிட்டு வா என்கிறது ஷரீஅத். அப்படியிருக்க, கணக்குப் பாடத்துக்காகவோ ஓதல் பாடத்துக்காகவோ ஒரு பிள்ளை மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் எந்த உஸ்தாதும் நினைப்பதற்கு நியாயம் இல்லை. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் கேலி செய்வது, இரண்டாவது முறை கேட்டால் அதட்டுவது இரண்டும் நிற்க வேண்டும்.

இதற்குத் தீர்வு பிள்ளைகளின் கையில் இல்லை, பெரியவர்கள் கையில் இருக்கிறது. பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் நாம், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மக்தபுகளில் பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். பல பள்ளிவாசல்களில் இஸ்தின்ஜாகானா ஆண்களின் பக்கம் மட்டுமே இருக்கிறது.

வேறு காரணங்களும் உண்டு. வகுப்பு நடுவே குடித்தால் திட்டு விழும் என்ற பயம், பாட்டிலின் கனம், வீட்டுத் தண்ணீர் தீர்ந்தால் பள்ளித் தண்ணீரின் சுவை பிடிக்காமை. கேரளப் பள்ளிகளில் 2019-ல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் முறை கவனம் பெற்றது. தமிழ்நாட்டில் 2025 ஜூன் இறுதியிலிருந்து காலை 11 மணி, பகல் 1 மணி, பிற்பகல் 3 மணி என மூன்று முறை ‘வாட்டர் பெல்’ அடிக்கும் திட்டம் பள்ளிகளுக்கு வந்திருக்கிறது. மணி அடித்ததும் உன் வகுப்பில் எல்லாரும் குடிக்கிறீர்களா என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். திட்டம் நடைமுறையில் இருக்கிறதா என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

நபிவழியில் தண்ணீர்

தண்ணீர் அருந்தும்போது நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை மூச்சு விட்டு அருந்துவார்கள் என்றும், அது தாகத்தை நன்கு தணிக்கும், உடலுக்கு நலம் தரும் என்று கூறினார்கள் என்றும் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். பாத்திரத்துக்குள்ளேயே மூச்சு விடுவதை அவர்கள் தடுத்தார்கள். உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக் கையால், நிதானமாகக் குடித்து, முடிவில் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வது நம் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த ஒழுங்கு.

பிள்ளைகளுக்கு அவ்வளவாகச் சொல்லப்படாத சில வழிகாட்டுதல்களும் உண்டு. தோல் பையின் வாயில் நேரடியாக வாய் வைத்துக் குடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது புகாரியில் இடம்பெற்றுள்ளது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது என்பதும், பிறர் குடிக்கும் தண்ணீர் அசுத்தமாகும் என்பதும் அறிஞர்கள் கூறும் காரணங்கள். ஒரே பாட்டிலில் வகுப்பே வாய் வைத்துக் குடிக்கும் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேண்டுமா? இரவில் பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்ன ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. குடிநீர்ப் பானையை மூடி வைப்பதற்கும் பாட்டிலைத் தினமும் கழுவுவதற்கும் அதையே ஆதாரமாக எடுத்துச் சொல்லலாம்.

ஒரு பயணத்தில் தோழர்கள் தாகத்தால் தவித்தபோது நபி (ஸல்) அவர்கள் எல்லாருக்கும் தண்ணீர் கிடைக்கச் செய்து, தாம் கடைசியில் அருந்தினார்கள். மக்களுக்குத் தண்ணீர் புகட்டுபவரே கடைசியாகக் குடிக்க வேண்டும் என்ற ஒழுங்கு அந்தச் சம்பவத்திலிருந்து வந்தது. தன் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்களா என்று கவனிப்பது உஸ்தாதின் பொறுப்பு என்பதற்கு இதில் முன்மாதிரி இருக்கிறது.

இறந்துபோன தம் தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது, தண்ணீர் என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அவர் ஒரு கிணற்றைத் தோண்டி அர்ப்பணித்தார். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த செய்தியைப் புகாரியில் படிக்கிறோம். இந்தச் சம்பவத்தைப் பிள்ளைகளுக்கு ஆர்வமாகச் சொல்கிறோம். சொல்லும் அந்த வகுப்பிலேயே ஒரு பிள்ளை தாகத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

வங்கதேசம் காட்டிய வழி

நீரிழப்பைப் பற்றி மக்களுக்குக் கற்பித்ததில் உலகமே பாடமாக எடுத்துக்கொண்ட முன்மாதிரி நம் அண்டை நாட்டில் இருக்கிறது. காலராவும் வயிற்றுப்போக்கும் அங்கே ஏராளமான உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தன. நோய்க் கிருமியைவிட நீரிழப்பே உயிரைப் பறித்தது. 1968-ல் டாக்காவிலிருந்த காலரா ஆய்வகத்தில், குடிக்கும் கரைசல் மூலமே இழந்த நீரை ஈடுகட்ட முடியும் என்று நிரூபிக்கப்பட்டது. 1971 போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைக் கொடுத்துப் பெரும்பாலானோரைக் காப்பாற்றினார். அவர் 2022-ல் இறந்தார். 2023-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருதை அறிவித்தது.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் கிராமத்திலிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அதை எப்படிக் கற்றுத்தருவது? ஃபஸ்லே ஹசன் ஆபெத் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரல்களால் அள்ளும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்பதுதான் பாடம். பணியாளர் செய்து காட்டிவிட்டுப் போகவில்லை. தாயைத் தன் வீட்டுப் பாத்திரத்தில், தன் கையால் கலக்க வைத்தார். சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து சில வீடுகளில் அந்தத் தாய்மார்களிடம் கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம். பத்தாண்டுகளில் 1 கோடியே 20 லட்சம் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது.

ஆசிரியர்களும் பெற்றோரும் இதிலிருந்து இரண்டை எடுத்துக்கொள்ளலாம். பாடம் சுருக்கமாக இருக்க வேண்டும், கற்பவர் தன் கையால் செய்ய வேண்டும். ‘தண்ணீர் குடிங்க’ என்று பத்து முறை சொல்வதைவிட ஒரு முறை கலக்க வைப்பது மனதில் நிற்கும்.

மக்தபில் ஐந்து சிறு பாடங்கள்

வாரம் ஒன்று என்று, பத்து நிமிடத்தில் முடியும் ஐந்து பாடங்கள். வீட்டிலும் இவற்றைச் செய்யலாம்.

1. பாட்டில் கணக்கு. பிள்ளைகள் தங்கள் பாட்டில் எத்தனை மில்லி என்று அடியில் பார்த்துச் சொல்லட்டும். ஒரு நாளில் அதை எத்தனை முறை நிரப்ப வேண்டும் என்று கணக்கிட்டு நோட்டில் எழுதட்டும். ஒரு வாரம் குடித்த அளவைக் குறித்து வரட்டும்.

2. வாடிய கீரை. தண்ணீர் இல்லாமல் வாடிய கொத்தமல்லி அல்லது முளைக்கீரைக் கொத்து ஒன்றைத் தண்ணீர் டம்ளரில் வைக்கச் சொல்லுங்கள். சில மணி நேரத்தில் அது நிமிர்வதைப் பார்ப்பார்கள். 21:30 வசனத்தின் விளக்கத்தை அன்று சொல்லலாம்.

3. நிறம் பார்ப்பது. வெளிர் மஞ்சள், அடர் மஞ்சள் நிறத் தாள்களைக் காட்டி எது நல்லது என்று விளக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு இதை ஆலிமாவோ தாயோ சொல்வது பொருத்தம். சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழக் கூடாது என்ற சட்டத்தையும் அன்றே கற்பிக்கலாம்.

4. கரைசல் செய்தல். சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீர், தட்டையாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு பிள்ளையும் அளந்து கலக்கட்டும். உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிட அதிகம் கரித்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

5. நண்பன் மயங்கினால். ஒரு பிள்ளை மயங்கியது போல் நடிக்க, மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டட்டும். நிழலுக்குக் கொண்டுபோவது, பெரியவரை அழைப்பது, ஆடையைத் தளர்த்துவது, ஈரத் துணியால் துடைத்து விசிறுவது, நினைவு இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது.

ஹிஃப்ளு மதரஸாக்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பஜ்ருக்கு முன்பே எழுந்து மணிக்கணக்கில் சத்தமாக ஓதும் மாணவனுக்கு வாயும் தொண்டையும் விரைவில் உலர்ந்துவிடும். ஓதலின் நடுவே குர்ஆனை மூடி வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிப்பது அதபுக் குறைவு ஆகாது. வகுப்பின் ஓரத்திலேயே மூடிய குடிநீர்க் கேனும் தனித்தனி டம்ளர்களும் இருக்கட்டும். ஹவுளில் உள்ள தண்ணீர் உளூவுக்குத்தான், குடிப்பதற்கு உகந்ததில்லை என்பதைச் சிறுவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

மே மாதத்தில் கோடைக்கால தீனிய்யாத் வகுப்புகள் நடக்கும்போது தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கொட்டகைகளில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். வகுப்பைக் காலை 11 மணிக்குள் முடித்துவிடுவதும், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுப்பதும், கெட்டியான ஆடைக்குப் பதில் பருத்தி ஆடை அணியச் சொல்வதும் அவசியம்.

நோன்பும் மாணவர்களும்

2025-ல் ரமளான் மார்ச் மாதத்தில், பிளஸ் டூ பொதுத்தேர்வுகளோடு சேர்ந்தே வந்தது. ரமளான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னகர்கிறது. பருவமடைந்த, உடல் நலமுள்ள, ஊரில் இருக்கும் மாணவருக்கு நோன்பு கடமை. தேர்வு இருக்கிறது என்பது மட்டும் நோன்பை விடக் காரணமாகாது. நோன்பு வைத்த நிலையில் உடலுக்குக் கேடு நேரும் அளவுக்குத் தாகமோ மயக்கமோ ஏற்பட்டால் நோன்பைத் திறந்துவிட்டுப் பிறகு களா செய்ய ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் அனுமதி உண்டு. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்ற கருத்தில் அல் பகரா 195-வது வசனம் வருகிறது. பயணத்தில் நோன்பு வைத்து நிலைகுலைந்த ஒருவருக்குச் சுற்றி நின்று நிழல் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், பயணத்தில் இப்படி நோன்பு நோற்பது நன்மையில் சேர்ந்ததில்லை என்று உணர்த்தினார்கள். மயங்கி விழும் நிலையிலும் நோன்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று பிள்ளை பெருமைப்படுவதையோ, பெற்றோர் அதைப் புகழ்வதையோ மார்க்கம் கேட்கவில்லை.

பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமை இல்லை. பழக்கப்படுத்துவது நல்லது. ஆஷூரா நோன்பில் நபித்தோழியர் தம் சிறு பிள்ளைகளுக்குக் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்து நோன்புக்குப் பழக்கியதை ருபைய்யிஉ (ரலி) அறிவிக்கிறார்கள். தாங்கும் சக்தியைப் பார்த்துப் பழக்க வேண்டும். பகலில் வாடிவிட்டால் அன்போடு திறக்க வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை முழு நோன்பு வைத்தது என்ற ஒப்பீடு வேண்டாம்.

நோன்பாளி மாணவருக்குச் சில நடைமுறைகள்:

ஸஹரைத் தவறவிட வேண்டாம். அதில் பரக்கத் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். கடைசி நிமிடத்தில் ஒரு லிட்டரை மடமடவென்று குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். எழுந்ததிலிருந்து சிறுகச் சிறுகக் குடிப்பது பயன் தரும்.

ஸஹர் உணவில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் போன்ற உப்பு மிகுந்தவற்றைக் குறைக்கவும். பகலில் தாகத்தைக் கூட்டுபவை இவை. தயிர், வெள்ளரி, வாழைப்பழம் நல்லவை.

இஃப்தாரில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் முதலில். அதுவே நபிவழி. பிறகு நம் ஊர் நோன்புக் கஞ்சி. அரிசியும் பருப்பும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த அந்தக் கஞ்சி இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்ட நல்ல உணவு. வடை, சமோசா அதன் பிறகு, அளவோடு.

இஃப்தாருக்கும் தூங்குவதற்கும் இடையே மணிக்கு ஒரு டம்ளர், தராவீஹுக்குப் போகும்போது கையில் ஒரு பாட்டில். நோன்பு நேரத்தில் நடுப்பகல் வெயிலில் கிரிக்கெட் வேண்டாம். அஸருக்குப் பிறகு நிழலில் விளையாடலாம்.

வயிற்றுப்போக்கும் வெயிலும்

வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரை நிறுத்தினால் போக்கு நிற்கும் என்ற தவறான எண்ணம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. உண்மை நேர்மாறானது. முதல் போக்கிலிருந்தே ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையை மருத்துவர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரைக் கேட்டுக் கொடுக்கவும்.

மருந்துக்கடையில் கேட்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் தயாரித்த பொடிதானா என்று பாருங்கள். அந்த அளவின்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கான பொடி 20.5 கிராம், அதில் குளுக்கோஸ் 13.5, சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். பழச்சுவையோடு அட்டைப்பெட்டியில் வரும் சில இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை அதிகம். வயிற்றுப்போக்கை அது இன்னும் கூட்டிவிடும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இத்தகைய பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பொடியை உறையில் குறிப்பிட்டுள்ள அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

வெயிலில் விளையாடிய பிள்ளைக்கு உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சு குழறினால் அது வெயில் தாக்கம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். 108-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இன்று தொடங்க வேண்டியவை

பெற்றோர் இன்று மாலை பாட்டிலைப் பார்க்கட்டும். நிரம்பியிருந்தால் திட்டாமல் காரணத்தைக் கேட்கட்டும். உஸ்தாதுகள் ஓதல் தொடங்கும் முன் எல்லாரும் ஒரு டம்ளர் குடிக்க இரண்டு நிமிடம் ஒதுக்கட்டும். முத்தவல்லியும் நிர்வாகிகளும் மக்தபின் குடிநீர்த் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் குழாயும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். ஜும்ஆ பயானில் கோடை தொடங்கும் முன் ஒரு வாரம் இதற்கென ஒதுக்கலாம். மறைந்த தாய் தந்தையருக்காக ஸதகத்துல் ஜாரியா செய்ய விரும்புபவர்கள், ஒரு மக்தபுக்குச் சுத்தமான குடிநீரும் தண்ணீர் வரும் கழிப்பறையும் அமைத்துக் கொடுப்பதை யோசிக்கட்டும். ஸஅத் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த பதில் நமக்கும் பொருந்தும்.

நமக்கு அருளிய நீரை வீணாக்காமல் பயன்படுத்தவும், நம் பிள்ளைகளின் உடலையும் கல்வியையும் இபாதத்தையும் பேணி வளர்க்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.